வேலி அடைக்க முன்னர்: கோடும் கொந்தராத்தும்

(வலிகாமம் வடக்கில் மீளக்குடியமரும் குடும்பங்களுக்கான தகவற் கூட்டமொன்றில் எமது நிறுவனத்தின் தொடர்பாடல் அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சென்ற கூட்டத்தில் வீட்டுத்திட்டப் படிவங்களைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் ஒரு அம்மா அருகில் வந்து, "பிள்ளை, வீடு வாறபோது வரட்டும். இப்ப ஒரு வேலி அடைக்கவேணும். ஆரிட்டைக் குடுக்கிறது, என்ன காசு கேப்பாங்கள், அதைச் சொல்லு" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆகையால் இன்று வேலியைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன். நான் கலைப்பட்டதாரி, அலவாங்கு பிடித்துப் பழக்கமில்லை. சொல்லப்போவதில் பெரும்பகுதி வேலி அடைக்கும் தொழிலாளரிடமும் காணிக் கிளை உத்தியோகத்தர்களிடமும் கேட்டு அறிந்தது. மிச்சம் எங்கள் வீட்டுக் காசு போய்க் கற்றது.

1990 ஆனியில் இங்கிருந்து வெளிக்கிட்டவர்களுக்கு வேலி என்றவுடன் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற வேலிதான் கண்முன்னே வரும். வரிச்சுக் கட்டி, கிடுகோ பனையோலையோ வைத்து அடைத்த வேலி. இன்று போய்ப் பார்த்தால் பல காணிகளில் அதன் அடையாளமே இல்லை. சில இடங்களில் புல்டோசர் ஓடி நிலம் ஒரே வெளியாகக் கிடக்கிறது. கிணறு மூடுப்பட்டிருக்கிறது. வீடு நின்ற இடத்தைச் சிதறிய அத்திவாரக் கல்லை வைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனபடியால், வேலிக்காரரைத் தேடுமுன் நாங்கள் தேடவேண்டியது எல்லைக்கோடு.

அதற்கும் முன்னால் ஒரு விடயம். வேலி என்றால் ஒன்றரை, இரண்டு அடி ஆழத்துக்குக் குழி கிண்டும் வேலை. உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். பக்கத்துக் காணி விடுவிக்கப்பட்டது என்பதால் உங்களுடையதும் விடுபட்டது என்று நினைக்கவேண்டாம். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்பு அறிவித்தற் பலகையைத் தாண்டிக் கதியால் வெட்டவும் போகவேண்டாம். விடுவிக்கப்பட்ட காணியிலும் வெடிக்காத எறிகணையோ கைக்குண்டோ மண்ணுக்குள் கிடக்கக்கூடும். பற்றைக்கு நெருப்பு வைத்துத் துப்புரவாக்குவது இதனால்தான் ஆபத்தானது. குழி கிண்டும்போது சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவேண்டாம், இழுத்துப் பார்க்கவேண்டாம். வேலையை நிறுத்தி, வந்த வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ 119 இலக்கத்தில் பொலிசாருக்கோ அறிவியுங்கள். கூலிக்கு வருபவர் வெளியூர்க்காரராக இருந்தால் இதை அவருக்கும் சொல்வது உங்கள் பொறுப்பு. பற்றைக்குள் கிடக்கும் பழைய சுருள் முட்கம்பியையும் இரும்புக் கட்டைகளையும் இழுத்தெடுத்து வேலிக்குப் பாவிக்கலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். அந்த இலாபம் வேண்டாம்.

இனிக் கோட்டுக்கு வருவோம்.

உறுதிக் காணி என்றால் உறுதியை எடுங்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி பெறலாம். பழைய உறுதியின் இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் தேடுவது சுலபம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் கோவை இருக்கும். பழைய உறுதிகள் பலவற்றில் அளவைப்படம் இல்லை. பரப்புக் கணக்கும், நாலு பக்கமும் யார் யாருடைய காணி என்பதும் மாத்திரம் எழுதியிருக்கும். அப்படியான காணிக்குப் பதிவுபெற்ற நில அளவையாளர் வந்து அளந்து எல்லைக்கல் போடுவது நல்லது. செலவுதான். ஆனால் அருகருகே உள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் அளப்பித்தால் ஆளுக்கு வரும் செலவைக் குறைத்துப் பேச இடமுண்டு. அளக்கிற அன்று ஊரிலுள்ள வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மதகு எங்கே நின்றது, வைரவர் கோயில் எந்தப் பக்கம், எல்லையில் நின்ற பனை எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பனை நின்றால் அதை வெட்டவேண்டாம். வெட்டுவதற்கு அனுமதியும் வேண்டும். உங்கள் எல்லைக்கு அது சாட்சியும்கூட.

அளக்கும்போது பக்கத்துக் காணிக்காரரும் நிற்கவேண்டும். நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், ஆகையால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் நடந்தது. ஒரு குடும்பம் முதலாவதாக வந்தது. ஆட்கள் இல்லாத வெளி, பயம். கட்டாக்காலி மாடுகள் வேறு. கையில் இருந்த காசுக்கு ஒரு கொந்தராத்துக்காரரைப் பிடித்து மூன்று நாளில் சுற்றிவர முட்கம்பி அடித்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு கிழமை கழித்துப் பின்காணிக்காரியான ஒரு விதவைத் தாய் வவுனியாவிலிருந்து திரும்பி வந்தார். அவருடைய உறுதியில், முன்காணியிலுள்ள கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும் உண்டு என்று எழுதியிருந்தது. அந்தக் கிணற்றுக்குப் போகும் பாதைக்குக் குறுக்கேதான் ஐந்து வரி முட்கம்பி நின்றது. இருவரும் தூரத்துச் சொந்தக்காரர். இருபத்தைந்து வருடம் வெவ்வேறு முகாம்களில் இருந்து ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தவர்கள், ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குள் மத்தியஸ்த சபையில் எதிரும் புதிருமாக நின்றார்கள். முடிவில் வேலியின் ஒரு பகுதியைப் பிடுங்கி, நாலடி அகலத்தில் படலை வைத்தார்கள். முதல் வந்த குடும்பத்துக்கு ஒரே வேலிக்கு இரண்டு தரம் கூலி போனது. அந்த அம்மா ஒரு மாதமாகத் தண்ணீருக்கு ஒழுங்கையால் சுற்றிப் போனார்.

எங்கள் ஊர்க் காணிகளில் கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் என்பவை உறுதியில் ஒரு வரியில் போய்விடும். நாங்கள் பரப்புக் கணக்கை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். தயவுசெய்து அந்த வரியையும் வாசியுங்கள். வாசிக்க முடியாதவர்கள் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.

பக்கத்துக் காணிக்காரர் கனடாவில், இலண்டனில் என்றால்? இங்கே அரைவாசிப் பேருக்கு இதுதான் நிலைமை. அவருடைய உறவினர் யாராவது ஊரில் இருப்பார்கள். இல்லாவிட்டால் அற்றோணித் தத்துவம் பெற்றவர் இருப்பார். அவர் மூலம் தகவல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினால் மட்டும் போதாது. இந்தத் திகதியில் இந்தப் பக்கம் வேலி அடைக்கப்போகிறோம் என்று ஒரு கடிதம் எழுதி, பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். பதில் வரும்வரை அந்தப் பக்கத்துக்குச் சீமெந்துத் தூண் போடாமல் கதியாலும் கிடுகும் வைத்துத் தற்காலிகமாக அடையுங்கள். பிழைத்தாலும் பிடுங்குவது சுலபம்.

இன்னொன்று: காணி இன்னும் தாய் தகப்பன் பெயரில் இருந்து, சகோதரங்களுக்குப் பிரிபடாமல் கிடந்தால், நடுவே வேலி போட்டவுடன் அது பிரிந்துவிட்டதாக ஆகாது. சுற்றுவேலியை எல்லாரும் சேர்ந்து அடையுங்கள். உள்வேலி, பங்கு பிரித்து எழுதிய பின்னர்.

கோடு சரி என்றால் நாலு மூலையிலும் கல் நட்டு, கயிறு இழுத்து, இரு வீட்டாரும் நிற்கும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வேலி அரக்குவது என்று நாங்கள் சொல்வது எல்லாம் களவு எண்ணத்தில் நடப்பதில்லை. கதியால் பட்டுப்போனதும் அடுத்ததை ஒரு சாண் தள்ளி நடுவார்கள். மரம் தடித்து வெளியே தள்ளும். பத்து வருடத்தில் ஒரு முழம் போய்விடும். ஆட்சி உரிமைச் சட்டத்தில் பத்து வருடம் என்பது கணக்கில் எடுக்கப்படும் காலம் என்பதால், அந்த ஒரு முழத்துக்கே வழக்கு வரும். கல் இருந்தால் இந்தப் பேச்சே வராது.

அடுத்தது, எந்த வேலி? சுற்றிவர ஒரே நாளில் அடைத்து முடிக்கவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எதற்காக வேலி என்று முதலில் யோசியுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் முதற்காசு கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் மறைப்புக் கட்டப் போகட்டும். முட்கம்பி மறைப்புத் தராது. அந்த இடத்துக்குக் கிடுகோ தகரமோதான் வேண்டும். தோட்டம் செய்பவர்கள் என்றால் மாடு வரும் பக்கத்தை முதலில் மறியுங்கள். மற்றப் பக்கங்களுக்குக் கதியால் நடலாம். கிளுவையும் சீமைக்கிளுவையும் மலிவு. குழை ஆட்டுக்கு ஆகும், தோட்டத்துக்குப் பசளையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் நட்டுவிட்டு வேர் பிடிக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அலவாங்கால் குழி போட்டுத்தான் கதியாலை இறக்கவேண்டும். மேலே அடித்து இறக்கினால் தலை பிளந்து பட்டுவிடும். மதில் கட்ட நினைப்பவர்கள் பிரதேச சபையில் விசாரிக்காமல் அத்திவாரம் வெட்டவேண்டாம். வீதியை அகட்டும் திட்டம் இருந்தால் முதலில் இடிபடுவது மதில்தான்.

முட்கம்பி வேலிக்குக் கணக்குப் பார்ப்போம். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். சதுர அடியில் 2,722 அரை. நாலு பரப்பு 10,890 சதுர அடி. காணி சரிசதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 417 அடி. அதே நாலு பரப்பு 66 அடி முகப்பும் 165 அடி நீளமுமாக இருந்தால் சுற்றளவு 462 அடி. பரப்பு ஒன்றுதான், வேலி 45 அடி கூட. "நாலு பரப்புக் காணிக்கு இவ்வளவு" என்று யாராவது மொத்தமாக விலை சொன்னால் ஒப்புக்கொள்ளவேண்டாம். ஓரடிக்கு என்ன கூலி என்று கேளுங்கள். நாடா பிடித்து நீங்களே அளவுங்கள்.

அந்த 462 அடியில் படலைக்குப் பத்து அடி கழித்தால் 452. எட்டு அடிக்கு ஒரு தூண் என்றால் 58 தூண். மூலைக்கு இரண்டு முட்டுத்தூணாக எட்டு, படலைக்கு இரண்டு. மொத்தம் 68. ஐந்து வரி கம்பிக்கு 2,260 அடி, அதாவது ஏறத்தாழ 690 மீற்றர். முடிச்சுக்கும் மூலைக்கும் கொஞ்சம் கூட வேண்டும். கம்பிச் சுருளை நிறையில் விற்பார்கள். கம்பியின் தடிப்பு மாறினால் அதே நிறைக்கு நீளமும் மாறும். ஆகையால் கடையில் கிலோவை மட்டும் கேட்காமல் எத்தனை மீற்றர் என்றும் கேளுங்கள். கடற்கரையோரக் காணி என்றால் உப்புக்காற்றுக்குக் கம்பி கெதியில் கறள் பிடிக்கும். நாகம் பூசிய கம்பியைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. நாங்கள் வன்னியில் எங்கள் காணிக்குத் திரும்பியபோது அம்மா ஒரு கொந்தராத்துக்காரரிடம் வேலியைக் கொடுத்தார். சாமானும் அவரே வாங்கி, வேலையும் செய்து தருவதாகப் பேச்சு. நல்லாகக் கதைப்பார். "அம்மா, சாமான் விலை ஏறப்போகுது" என்றதும் அம்மா முழுக்காசையும் முதல்நாளே எண்ணிக் கொடுத்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. எட்டு அடிக்கு ஒரு தூண் என்று பேசியது பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக நின்றது. தூண் ஒரு அடிகூட நிலத்துக்குள் இல்லை. முட்டுத்தூண் என்ற பேச்சே இல்லை. கார்த்திகை மழைக்கு மண் இளகியதும் கம்பியின் இழுவைக்கு மூலைத்தூண் உள்ளே சரிந்தது. அதோடு ஒரு பக்கம் முழுவதும் தொய்ந்துவிட்டது. தொலைபேசி எடுத்தால் அவர் வேறு ஊரில் வேலை. அவர் கள்ளரா, கணக்குத் தெரியாதவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மாவின் கையில் ஒரு துண்டுக் கடதாசி இருந்திருந்தால் அந்தக் கேள்வி தேவைப்பட்டிருக்காது. பன்னிரண்டு அடிக்கு ஒன்றென்றால் எவ்வளவு குறையும் என்று மேலே சொன்ன 452 அடிக்கே பாருங்கள்: 58 தூணுக்குப் பதில் 39 போதும். பத்தொன்பது தூணின் காசு யாருடைய பையில்?

ஆகையால் ஆளைப் பிடிக்கும்போது அவர் முன்பு அடைத்த வேலியைப் போய்ப் பாருங்கள். புதிதாக அடைத்ததை அல்ல. ஒரு மழைக்காலம் கண்டதை. மூலைத்தூணைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஆனால் எல்லாரிடமும் ஒரே அளவைச் சொல்லிக் கேளுங்கள். தூணையும் கம்பியையும் நீங்களே வாங்கி, கூலியை மட்டும் கொடுப்பது பாதுகாப்பு. வாங்கும்போது தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன தடிப்பு என்று கேளுங்கள். கடல் மண் போட்டு வார்த்த தூணுக்குள் கம்பி கறள் பிடித்து வெடிக்கும். நேற்று வார்த்ததை இன்று ஏற்றவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஒரு கிழமையாவது ஆறியிருக்கவேண்டும்.

எங்கள் பகுதியில் வேறொரு வில்லங்கம் உண்டு. செம்மண் மேலே கொஞ்சம்தான், கீழே சுண்ணாம்புக்கல். வேலை தொடங்கிய பிறகு "கல் தட்டுது, குழிக்கு இவ்வளவு கூடத் தரவேணும்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அலவாங்கால் கல் உடைப்பவரின் கையைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த விலையை முதலிலேயே பேசவேண்டும். நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்தாறு இடத்தில் முன்கூட்டிக் குத்திப் பார்த்தால் இரு பகுதியாருக்கும் நிலம் தெரிந்துவிடும்.

ஒப்பந்தத்துக்கு முத்திரையோ சட்டத்தரணியோ வேண்டும் என்று நினைக்கவேண்டாம். ஒரு கொப்பித்தாள் போதும். இப்படி எழுதலாம்:

"(பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி) ஆகிய நான், (வீட்டுக்காரர் பெயர்) அவர்களின் காணிக்கு, எல்லைக்கற்களுக்கு இழுத்த கயிற்றின்படி 452 அடி வேலி அடைத்துத் தருவேன். எட்டு அடிக்கு ஒரு தூணாக 58 தூணும் 10 முட்டுத்தூணும் நடுவேன். தூண் நிலத்துள் ஒன்றரை அடிக்குக் குறையாது இருக்கும். ஐந்து வரி முட்கம்பி இழுப்பேன். தூணும் கம்பியும் வீட்டுக்காரர் தருவார். கூலி அடிக்கு ரூபா ...... ; கல் உடைக்கவேண்டிய குழிக்கு மேலதிகமாக ரூபா ...... . தொடங்கும் திகதி ...... ; முடிக்கும் திகதி ...... . கூலியில் காற்பங்கு தொடங்கும்போதும், அரைப்பங்கு தூண்கள் நட்டு முடிந்ததும், மிச்சம் கம்பி இழுத்து முடித்துச் சரிபார்த்த பின்னரும் பெறுவேன். ஒரு மாதத்துக்குள் தூண் சரிந்தால் கூலியின்றித் திருத்துவேன்."

இருவரும் ஒப்பம் வைத்து, அயலவர் ஒருவர் சாட்சி வைத்து, ஆளுக்கு ஒரு பிரதி எடுங்கள். காசு கொடுக்கும் ஒவ்வொரு தரமும் அதே தாளின் பின்பக்கத்தில் தொகையும் திகதியும் எழுதி அவரிடம் ஒப்பம் வாங்குங்கள். ஒரு ஐயா என்னிடம், "தெரிஞ்ச பொடியன், ஒப்பம் கேட்டால் குறை நினைப்பான்" என்றார். நல்ல தொழிலாளி குறை நினைக்கமாட்டார். மிச்சக் காசு தராமல் இழுத்தடிக்கும் வீட்டுக்காரரிடமிருந்து அவரையும் அந்தத் தாள் காப்பாற்றும். அப்படியான வீட்டுக்காரரும் எங்கள் ஊரில் இல்லாமல் இல்லை.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் ஒருவர் நிற்கவேண்டும். தூணை இறக்குமுன் குழியை ஒரு தடியால் அளவுங்கள். மூடிய பிறகு ஆழம் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டாரோடு பொதுவான பக்கத்துக்குச் செலவைப் பாதியாகப் பிரிப்பதானால் அதையும் எழுதுங்கள். 165 அடிப் பக்கம் ஒன்றைப் பாதியாகப் பிரித்தால் உங்களுக்கு 82 அடியின் செலவு மிச்சம். இரு வீட்டாரும் தனித்தனியாக வேலி போட்டு, இடையில் ஒன்றரை அடிப் பாம்புப் பொந்து விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தும் எல்லைப் பிரச்சினை வந்தால் கத்தியை எடுக்கவேண்டாம், கதியாலைப் பிடுங்கவும் வேண்டாம். முதலில் கிராம அலுவலர். அடுத்தது மத்தியஸ்த சபை, சனங்கள் இணக்கசபை என்று சொல்வது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம். உங்கள் காணிக்குள் யாராவது பலவந்தமாகப் புகுந்து வேலி அடைத்தால் மட்டும் காத்திருக்கவேண்டாம். உடனே பொலிசில் முறைப்பாடு பதிந்து, நீதிமன்றம் போவதற்குச் சட்ட ஆலோசனை பெறுங்கள். இப்படியான ஆட்சிப் பிணக்குகளில் இரண்டு மாதக் கணக்கு ஒன்று உண்டு. நாள் கடந்தால் வழக்கு நீண்ட வழியில் போகும்.

வெளியே மேசையில் ஒப்பந்தத்தின் மாதிரித் தாள்கள் இருக்கின்றன, ஆளுக்கு இரண்டு எடுங்கள். நூறடி நாடா மூன்று எங்கள் அலுவலகத்தில் உண்டு. பெயர் பதிந்து ஒரு நாளைக்கு இரவல் பெறலாம். சேர்ந்து அளப்பிக்க விரும்பும் குடும்பங்கள், அருகருகே உள்ள காணிகளாகப் பார்த்து, ஒரே தாளில் பெயர் எழுதித் தாருங்கள். சென்ற கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மா பின்வரிசையில் இருக்கிறார் போலத் தெரிகிறது. அம்மா, உங்கள் உறுதியைக் கொண்டு வந்தீர்களா? முன்னுக்கு வாருங்கோ, முதல் உங்கள் காணியைப் பார்ப்போம்.